பிளேடு படுக்க வேண்டுமா, நிமிர வேண்டுமா? பாதுகாப்பு ரேசரில் கோணத்தைத் தேர்ந்தெடுத்தல்

இருபுறமும் கூருள்ள பழைய வகைப் பிளேடைப் போட்டு மழிக்கும் ரேசருக்கு மாறியவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். கன்னம் நன்றாக வருகிறது, கழுத்து எரிகிறது. கைப்பிடியை முகத்தோடு ஒட்டிப் பிடிக்கும்படி ஒருவர் சொல்கிறார், விலக்கிப் பிடிக்கும்படி இன்னொருவர் சொல்கிறார், முப்பது டிகிரி என்று மூன்றாமவர் சொல்கிறார். இவற்றில் எதைப் பின்பற்றுவது? மூவரும் பொய் சொல்லவில்லை. மூன்றும் வெவ்வேறு முறைகள். ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான முகமும் இடமும் உண்டு, ஒவ்வொன்றும் வெளியே தெரியாத ஒரு விலையைக் கேட்கிறது. இவற்றோடு, கோணத்தைக் கையிடம் விடாமல் கருவியிடமே ஒப்படைத்துவிடும் நான்காவது வழியும் இருப்பதால், நான்கையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

## எந்தக் கோணத்தைப் பற்றிப் பேசுகிறோம்

குழப்பத்தில் பாதி சொற்களால் வருவது. ரேசரின் தலையில் மேல்தகடு, அடித்தகடு என இரண்டு உண்டு. அவற்றுக்கு நடுவே பிளேடு இருக்கிறது. பிளேடின் கூருக்கு முன்னால் நீண்டிருக்கும் அடித்தகட்டின் விளிம்பைக் காப்பு என்று சொல்லலாம். சில ரேசர்களில் அது நேரான பட்டையாகவும், சிலவற்றில் சீப்பைப் போலப் பல் வைத்தும் இருக்கும். பிளேடு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே தடிமன் உள்ளது. அவ்வளவு மெல்லிய எஃகைத் தட்டையாகப் பிடித்தால் முடியில் பட்டதும் அதிரும். ஆகவே இரண்டு தகடுகளும் சேர்ந்து அதை வளைத்து இறுக்கிப் பிடிக்கின்றன. கிங் கேம்ப் ஜில்லெட் 1904-இல் காப்புரிமை பெற்ற ரேசர் தொடங்கி இன்றுவரை இந்த வளைவு தொடர்கிறது.

இந்த வளைவினால்தான் கைப்பிடியின் கோணமும் பிளேடின் கோணமும் ஒன்றாக இருப்பதில்லை. ஒவ்வொரு ரேசரிலும் வளைவின் அளவு வேறு. ஆகவே ஒரு ரேசரில் கைப்பிடியை எந்தச் சாய்வில் பிடித்து நல்ல சவரம் கண்டீர்களோ, அதே சாய்வு இன்னொரு ரேசரில் கழுத்தைக் கீறலாம். முப்பது டிகிரி என்று சொல்லப்படுவது பிளேடுக்கும் தோலுக்கும் இடையிலான கோணம். அதைக் கைப்பிடியின் கோணமாக எடுத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் அளந்துகொண்டிருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எனவே இங்கே நான் பிளேடின் நிலையை வைத்தே பெயரிடுகிறேன். பிளேடு தோலின் மேல் ஏறக்குறையப் படுத்தபடி செல்வது படுத்த கோணம். அப்போது மேல்தகடு தோலைத் தொட்டுக்கொண்டு போகும், கைப்பிடி முகத்திலிருந்து விலகி நிற்கும். பிளேடு தோலின் மேல் நிமிர்ந்து நிற்பது நிமிர்ந்த கோணம். அப்போது காப்பு தோலைத் தொட்டுக்கொண்டு போகும், கைப்பிடி முகத்தை ஒட்டித் தாழ்ந்திருக்கும். அதாவது பிளேடு படுத்தால் கைப்பிடி எழும், பிளேடு நிமிர்ந்தால் கைப்பிடி தாழும். இதை ஒருமுறை கையில் ரேசரை வைத்துக்கொண்டு பார்த்துவிட்டால், முரண்படுவது போலத் தோன்றும் அறிவுரைகளில் பெரும்பகுதி தெளிவாகிவிடும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் தோல். சவரம் முடிந்த நிமிடத்தில் கை தடவிப் பார்த்து மகிழ்வது போதாது. மறுநாள் காலையில் கழுத்தில் சிவந்த புள்ளிகள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். இதை உடனடியாக அறியவும் ஒரு வழி உண்டு. நம் சலூன்களில் சவரம் முடிந்ததும் தேய்க்கும் படிகாரக் கல்லை ஈரத் தோலில் மெதுவாகத் தேய்த்தால், பிளேடு தோலைச் சுரண்டிய இடங்களில் மட்டும் அது சுருக்கென்று எரியும். கண்ணுக்குத் தெரியாத சுரண்டலைப் படிகாரம் காட்டிக்கொடுக்கிறது. கோணம் பழகுகிறவருக்கு இதைவிட நேர்மையான ஆசிரியர் இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

இரண்டாவது, எவ்வளவு ஒட்ட மழிக்கிறது என்பது. இதில் ஒரு தவறான எதிர்பார்ப்பை முன்பே நீக்கிவிட வேண்டும்: ஒற்றைப் பிளேடு ரேசர் ஒரே இழுப்பில் முழுமையாக மழிக்க உருவாக்கப்பட்டதன்று. முடி வளரும் திசையில் ஒருமுறை, குறுக்காக ஒருமுறை, தோல் தாங்குமானால் எதிர்த்திசையில் ஒருமுறை என ஒவ்வொரு முறையும் புதிதாக நுரை பூசி முடியைப் படிப்படியாகக் குறைப்பதே அதன் வழி. ஒரே சுற்றில் எல்லாம் போக வேண்டும் என்று நினைப்பவர் எந்தக் கோணத்தைத் தேர்ந்தாலும் காயப்படுவார்.

மூன்றாவது வெட்டுக்காயம், நான்காவது, கை பழக ஆகும் காலமும், அரைத்தூக்கத்தில் அலுவலகத்துக்குப் புறப்படும் காலை ஆறரை மணிக்கும் அதே கோணம் கைக்கு வருமா என்பதும். ஐந்தாவது பிளேடின் ஆயுள். இதைப் பற்றி ஒரு செய்தி உண்டு: எஃகு முடியைவிட ஏறத்தாழ 50 மடங்கு கடினமானது, ஆனாலும் சில சவரங்களிலேயே பிளேடு மழுங்குகிறது. காரணத்தைத் தேடிய மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், கூர்முனை தேய்ந்து உருள்வதைவிட, நுண்ணிய சில்லுகளாகத் தெறிப்பதே பெரிய காரணம் என்றும், வெட்டுப்படும் முன் முடி வளைந்து கொடுக்கும்போது அது நிகழக்கூடும் என்றும் காட்டினார்கள். முடி எவ்வளவு நன்றாக நனைந்து மென்மையாகியிருக்கிறது, தோல் எவ்வளவு நன்றாக இழுத்துப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்பவை கோணத்துக்கு முன்பே கவனிக்க வேண்டியவை என்று இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். நம் ஊரில் ஒரு பிளேடு சில ரூபாய்க்குக் கிடைப்பதால் இந்த ஐந்தாவது அளவுகோலுக்கு மிகக் குறைந்த எடையே தருகிறேன். நாலைந்து சவரத்துக்குப் பிறகும் பிளேடை மாற்றாமல் இழுப்பது சிக்கனம் ஆகாது.

இந்த ஐந்துக்கும் அடியில் ஆறாவதாக ஒன்று உண்டு, அது அழுத்தம். கோணம் தவறினால் பிளேடு முடியைச் சரியாகப் பிடிப்பதில்லை. பிடிக்காதபோது கை தானாகவே அழுத்துகிறது. அழுத்தும்போது தோல் புடைத்துக் கூர்முனைக்குள் வருகிறது. நான் பார்த்த எரிச்சல்களில் பெரும்பாலானவற்றுக்குக் கோணத்தைக் குற்றம் சொன்னார்கள், ஆனால் தோலைக் கெடுத்தது அழுத்தம். ஆகவே ஒரு கோணம் நல்லதா என்று கேட்பதைவிட, அந்தக் கோணத்தில் உங்கள் கைக்கு அழுத்தத் தோன்றுகிறதா என்று கேட்பதே பயன்படும்.

| அளவுகோல் | படுத்த கோணம் | நிமிர்ந்த கோணம் | நடுக்கோணம் | கோணம் நிலைத்த ரேசர் |
|---|---|---|---|---|
| தோலுக்கு இதம் | மிகுதி | குறைவு | நடுத்தரம் | மிகுதி |
| ஒட்ட மழித்தல் | இரண்டு, மூன்று சுற்றில் நன்று | முதல் சுற்றிலேயே மிகுதி | நன்று | நன்று, சுற்று கூடலாம் |
| வெட்டுக்காயம் | அரிது | அழுத்தினால் அடிக்கடி | எலும்பு மேடுகளில் | மிக அரிது |
| பழகும் காலம் | சில வாரங்கள் | உடனே வரும், திருந்த நாளாகும் | நீண்ட காலம் | சில நாட்கள் |
| நாலைந்து நாள் முடி | அடைத்துக்கொள்ளும் | நன்கு வெட்டும் | பரவாயில்லை | அடைத்துக்கொள்ளும் |
| மறைந்த விலை | நேரம், நல்ல நுரை | தோல் | கவனம் | கருவியின் விலை |

## படுத்த கோணம்: மேல்தகட்டை நம்பிப் போவது

கன்னத்தில் மேல்தகட்டின் உச்சி மட்டும் படும்படி ரேசரை வையுங்கள். கைப்பிடி முகத்திலிருந்து நேராக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இந்த நிலையில் பிளேடு தோலைத் தொடாது, இழுத்தாலும் ஒன்றும் வெட்டாது. இப்போது சிறுசிறு இழுப்பாக இழுத்துக்கொண்டே கைப்பிடியை மெல்லத் தாழ்த்துங்கள். ஓரிடத்தில் பிளேடு முடியைத் தொட்டு, காய்ந்த சருகில் நடப்பது போன்ற மெல்லிய ஓசை எழும். அந்த ஓசை தொடங்கும் இடம்தான் உங்கள் ரேசரின் படுத்த கோணம். டிகிரிக் கணக்கு எதுவும் தேவையில்லை. எந்த ரேசரை வாங்கினாலும் இந்த ஒரு சோதனை உங்களுக்கு விடை தந்துவிடும். சோதிக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டால் ஓசை நன்றாகக் கேட்கும்.

இந்த முறையின் பலம், உங்கள் கையின் எடை பெரும்பாலும் பிளேடில் இறங்காமல் மேல்தகட்டில் இறங்குவதில் இருக்கிறது. பிளேடு தோலுக்கு ஏறக்குறைய இணையாகச் செல்வதால், தோலின் மேற்படலத்தைச் சுரண்டாமல் முடியை மட்டும் அடியில் வெட்டுகிறது. கொஞ்சம் அழுத்திவிட்டாலும் பெரும்பாலும் மன்னிக்கப்படும். சலூனில் சவரம் செய்துகொண்டவர்கள் இதை வேறு வடிவில் அறிவார்கள். அங்கே பயன்படுவது இதே பிளேடை இரண்டாக ஒடித்த அரைப்பிளேடுதான். அதற்குக் காப்பும் இல்லை, மேல்தகடும் இல்லை. அனுபவமுள்ள கைகள் அந்தக் கத்தியைத் தோலின் மேல் எவ்வளவு படுக்க வைத்து இழுக்கின்றன, மற்றக் கையின் விரல்கள் எவ்வளவு இடைவிடாமல் தோலை இழுத்துப் பிடிக்கின்றன என்பதை அடுத்த முறை கண்ணாடியில் கவனித்துப் பாருங்கள். காப்பே இல்லாத பிளேடைப் பாதுகாப்பாக்குவது அந்தப் படுத்த கோணமும் இழுத்துப் பிடித்த தோலும்தான்.

என் தந்தை ஜன்னல் கம்பியில் சிறு கண்ணாடியைத் தொங்கவிட்டு மழித்துக்கொள்வார். கைப்பிடி எப்போதும் ஏறக்குறைய ஜன்னலைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும். பார்க்க வேடிக்கையாக இருக்கிறதே என்று சிறுவயதில் நினைத்திருக்கிறேன். அவர் யாரிடமும் கோணம் கற்றவரல்லர். இருபது ஆண்டுகள் கழித்து என் கழுத்து எரியத் தொடங்கியபோதுதான், அந்தக் கைப்பிடி ஏன் அப்படி நீட்டிக்கொண்டிருந்தது என்று எனக்குப் புரிந்தது.

இதன் மறைந்த விலைகளையும் சொல்ல வேண்டும். முதலாவது நேரம்: ஒரு சுற்றில் குறைவாகவே வெட்டும் என்பதால் இரண்டாவது சுற்று கட்டாயம், மூன்றாவது சிலருக்குத் தேவை. இரண்டாவது நுரை: மேல்தகடு தோலில் வழுக்கிச் செல்ல வேண்டும், பிளேடு வருவதற்குள் அது நுரையை வழித்துவிடவும் கூடாது, ஆகவே நீர் மிகுந்த, வழுக்கும் நுரை வேண்டும், காற்று நிறைந்த பஞ்சு போன்ற நுரை போதாது. ஆழ்துளைக் கிணற்றின் உப்புத்தண்ணீரில் குளிக்கும் வீடுகளில் இது உண்மையான தொல்லை. கடினநீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்து படியும். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு குவளை கேன் தண்ணீரைச் சூடாக்கிச் சவரத்துக்கென்று வைத்துக்கொள்வதைப் போன்ற பயனுள்ள செலவு வேறில்லை. மூன்றாவது, இடப் பற்றாக்குறை: மூக்குக்குக் கீழே, மீசையின் விளிம்பில், காதுக்கு முன்னால் கிருதா முடியும் இடத்தில் மேல்தகடு படுக்க இடம் இருக்காது.

நாள்தோறும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் மழிப்பவர், எளிதில் சிவக்கும் தோலுள்ளவர், புதிதாகத் தொடங்குபவர், பிளேடின் கூர் அதிகம் வெளியே தெரியும் ரேசரை வைத்திருப்பவர் ஆகியோருக்கு என் முதல் பரிந்துரை இதுவே. வேறெதையும் முயல்வதற்கு முன் இந்தக் கோணத்தில் கை படிய வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

## நிமிர்ந்த கோணம்: காப்பை நம்பிப் போவது

பத்து, பதினைந்து ஆண்டுகள் கார்ட்ரிட்ஜ் ரேசரில், அதாவது பிளேடு பதித்த தலையை அப்படியே கழற்றி மாற்றும் வகையில், மழித்துவிட்டு வருபவரின் கை, யாரும் சொல்லாமலே இந்த நிலைக்குத்தான் போகும். 1977-இல் வந்த ஜில்லெட்டின் ஆட்ரா ரேசரிலிருந்து கார்ட்ரிட்ஜ் தலைகள் கைப்பிடியோடு இணையும் இடத்தில் சுழலத் தொடங்கின. கைப்பிடியை எப்படிப் பிடித்தாலும் தலை தானே திரும்பித் தோலில் படிந்துகொள்ளும். ஆகவே கைப்பிடியைத் தாழ்த்தி, முகத்தை ஒட்டி, அழுத்தி இழுப்பது பழக்கமாகிவிடுகிறது. சுழலாத தலையுள்ள ரேசரில் அதே பழக்கம் பிளேடை நிமிர்த்திவிடுகிறது.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதல் வாரத்தில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை: ஒரே சுற்றில் கன்னம் கண்ணாடியைப் போல ஆனது. நிமிர்ந்த பிளேடு தோலோடு சேர்த்து வழிப்பதால் முடி வேரளவுக்குப் போகும். ஆனால் இரண்டாவது வாரத்தில் தொண்டைக்குமிழுக்கு இடப்பக்கம் சிவந்த புள்ளிகள் வந்தன. மூன்றாவது வாரத்தில் சட்டைக் காலர் படும்போதெல்லாம் எரிந்தது. பிளேடைக் குற்றம் சொல்லி நான்கு வகைப் பிளேடுகளை மாற்றிப் பார்த்தேன், சோப்பை மாற்றினேன், இரண்டு மாதங்கள் வீணாகின. கடைசியில் மாற்ற வேண்டியிருந்தது மணிக்கட்டின் நிலை மட்டுமே.

இதன் இயக்கம் எளிது. காப்பு முன்னால் சென்று தோலை இழுத்து விரிக்கிறது, பின்னால் வரும் பிளேடு நிமிர்ந்து நின்று வெட்டுகிறது. அழுத்தம் இல்லாதவரை இது ஒழுங்காகவே நடக்கும். சிறிது அழுத்தினாலும் காப்புக்கும் பிளேடுக்கும் இடையிலுள்ள இடைவெளியில் தோல் புடைத்து ஏறி, நிமிர்ந்த கூரை நேருக்கு நேர் சந்திக்கிறது. இடைவெளி பெரிதாக உள்ள ரேசர்களில் இது இன்னும் கடுமை.

இதனால் இந்தக் கோணத்தை ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நாலைந்து நாள் தாடியை எடுக்கும்போது படுத்த கோணத்தில் முடி மேல்தகட்டடியில் மடிந்து இழுபடும், பிளேடு அடைத்துக்கொள்ளும். பல் வைத்த காப்புள்ள ரேசரைச் சற்றே நிமிர்த்திப் பிடித்தால் முடி பற்களுக்கிடையே நுழைந்து சுத்தமாக வெட்டுப்படும். விரத நாட்களுக்குப் பின்போ நோயிலிருந்து எழுந்த பின்போ முதல் சுற்றை இப்படிச் செய்துவிட்டு, இரண்டாவது சுற்றைப் படுத்த கோணத்தில் முடிப்பது நல்ல வழி. அதேபோல மூக்குக்குக் கீழும் மீசையின் கீழ் விளிம்பிலும் இது ஒன்றே கைகொடுக்கும்: கைப்பிடியைத் தாழ்த்தும்போது கூருக்கு மேலே தலையின் தடிமன் மட்டுமே நிற்கும், தலையின் அகலம் வழிவிடும், ஆகவே குறுகிய இடத்துக்குள் கூர் போகும். மீசை வைத்திருப்பவர்கள் நம்மில் அதிகம் என்பதால் இந்த ஓரங்கள் நமக்குச் சிறிய செய்தி அல்ல. அரை அங்குல இழுப்பு, எடையே இல்லாத கை, அவ்வளவுதான்.

## நடுக்கோணம்

மேல்தகட்டின் ஓரம், பிளேடின் கூர், காப்பு ஆகிய மூன்றும் ஒரே சமயத்தில் தோலைத் தொடும்படி பிடிப்பது இது. ரேசரை வடிவமைப்பவர்கள் மனத்தில் வைத்திருப்பது பெரும்பாலும் இந்த நிலையைத்தான். முப்பது டிகிரி என்ற பேச்சும் இதன் பக்கத்திலேயே இருக்கிறது. கன்னம் போன்ற சமதளத்தில், பழகிய கையில், படுத்த கோணத்தின் இதமும் நிமிர்ந்த கோணத்தின் வெட்டும் சேர்ந்து கிடைக்கும்.

தொல்லை என்னவென்றால் முகம் சமதளமன்று. மூன்று புள்ளிகளையும் ஒருசேரத் தொட வைக்கும் நிலை மிகக் குறுகியது. தாடை எலும்பைத் தாண்டும் கணத்தில் அது கைநழுவி, நீங்கள் அறியாமலே நிமிர்ந்த கோணத்துக்குப் போய்விடுகிறீர்கள். படுத்த கோணத்துக்கு ஓசையும் மேல்தகட்டின் தொடுதலும் அடையாளமாக இருக்கின்றன. நடுக்கோணத்துக்கு அப்படிப்பட்ட தெளிவான அடையாளம் ஏதும் இல்லை. ஆகவே இதைத் தொடக்கப் பாடமாகச் சொல்லிக்கொடுப்பதை நான் ஏற்பதில்லை. படுத்த கோணத்தில் ஆறு மாதம் பழகியவரின் கை, முடி அடர்ந்த இடங்களில் தானே இதற்கு இறங்கிவரும். அப்படி வருவதே முறை.

## கோணத்தைக் கருவியிடம் விட்டுவிடுவது

மேல்தகட்டின் முகத்தைச் சரிவாகவும் தட்டையாகவும் அமைத்து, அந்தச் சரிவு தோலில் படிந்தால் கோணம் தானே சரியாகிவிடும்படி செய்யப்பட்ட ரேசர்கள் இப்போது கிடைக்கின்றன. கனடாவில் அலுமினியத்தில் கடைந்து செய்யப்படும் ஹென்சன் ஏஎல்13 இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. அதன் பிளேடு முப்பது டிகிரியில் நிலையாகப் பிடிக்கப்பட்டிருக்கும், கூர் வெளியே தெரியும் அளவும் மிகமிகக் குறைவு. எடை 37 கிராம் மட்டுமே. ஜெர்மனியின் சோலிங்கன் நகரில் செய்யப்படும் மெர்க்கூர் 34சி அதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு எடையுள்ளது என்று சொன்னால் வேறுபாடு புரியும். கனமான ரேசரில் அதன் எடையே அழுத்தத்துக்குப் போதும் என்று கையைத் தளர்த்திவிடலாம். இலகுவான ரேசரில் கை சற்றே வேலை செய்ய வேண்டியிருக்கும், ஆனால் கூர் அதிகம் வெளியே இல்லாததால் அது தீங்காக முடிவதில்லை.

கார்ட்ரிட்ஜையும் இந்த வகையில்தான் சேர்க்க வேண்டும், ஏனெனில் அதுவும் கோணத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறது. 2010-இல் ஜில்லெட் நிறுவனம் இந்தியாவுக்கென்றே ஒற்றைப் பிளேடுடன் கூடிய ‘கார்டு’ (Guard) என்ற கார்ட்ரிட்ஜ் ரேசரைப் பதினைந்து ரூபாய்க்கு விற்கத் தொடங்கியபோது, அது குறிவைத்தது இருபக்கப் பிளேடில் கோணம் பார்த்து மழித்துக்கொண்டிருந்தவர்களைத்தான். தோலுக்கு அடியில் முடி வளைந்து வளர்ந்து கட்டி வருபவர்களுக்கு, பல பிளேடு அடுக்கிய கார்ட்ரிட்ஜைவிட இந்த ஒற்றைப் பிளேடு பரவாயில்லை; பல பிளேடுகள் முடியை இழுத்துத் தோல் மட்டத்துக்கும் கீழே வெட்டிவிடக்கூடும்.

இந்த வழியின் மறைந்த விலை முதலில் பணம்: நல்ல முறையில் கடைந்தெடுத்த ரேசரின் விலையில் சாதாரண ரேசர்கள் பல வாங்கலாம். இரண்டாவது, நீண்ட முடியில் இது எளிதில் அடைத்துக்கொள்ளும், குழாயடியில் அடிக்கடி அலச வேண்டியிருக்கும். மூன்றாவது விலை எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது: இதில் கற்ற கை வேறொரு ரேசருக்குப் போகும்போது எதையும் கொண்டுபோவதில்லை. ஆனால் எல்லோரும் கற்றே ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். கை நடுக்கம் உள்ள முதியவர், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர், புண் எளிதில் ஆறாத நீரிழிவு உள்ளவர் ஆகியோர் தயங்காமல் இந்த வழிக்கே வரலாம்.

ஒன்று முதல் ஐந்து வரை எண்ணிட்ட திருகுள்ள மெர்க்கூர் புரோகிரஸ் போன்ற ரேசர்களைப் பற்றியும் கேட்கிறார்கள். திருகு முதன்மையாக மாற்றுவது பிளேடுக்கும் காப்புக்கும் இடையிலான இடைவெளியை; அதைத் திருகும்போதெல்லாம் சரியான கோணமும் சற்றே நகரும் என்பதால், கோணம் பழகாதவருக்கு இது ஒரு குழப்பத்தின் மேல் இன்னொரு குழப்பம். வைத்திருப்பவர்கள் இரண்டில் நிறுத்தி மூன்று மாதம் தொடாமல் இருப்பது நல்லது.

## கழுத்தும் தாடையும்

எந்தக் கோணத்தைத் தேர்ந்தாலும் அது தோற்கும் இடம் பெரும்பாலும் தாடை எலும்பும் அதற்குக் கீழுள்ள கழுத்தும்தான். கேள்வி கேட்பவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் இந்த இடத்தைத்தான் சொல்கிறார்கள். கன்னத்திலிருந்து கீழே இழுத்துக்கொண்டு வரும் கை, தாடை எலும்பின் வளைவைத் தாண்டும்போது அதே நிலையில் இருந்தால், தோல் உள்நோக்கித் திரும்பிவிடுவதால் பிளேடின் கோணம் முற்றிலும் மாறிவிடும். கோணத்தை மாற்றாமல் வைத்திருக்க வேண்டுமானால் கைப்பிடி ஒரு வளைகோடாகச் சுற்றிவர வேண்டும். அதைவிட எளிய வழி ஒன்று உண்டு: எலும்பின் மேல் மழிக்கவே வேண்டாம். தாடைக்குக் கீழுள்ள தோலைக் கன்னத்தின் பக்கமாக இழுத்து மேலே ஏற்றி, சமமான கன்னத்தின் மேல் வைத்து மழித்துவிடலாம்.

கழுத்தில் இரண்டாவது சிக்கல், முடி வளரும் திசை. கன்னத்தில் கீழ்நோக்கி வளரும் முடி, கழுத்தில் பலருக்குப் பக்கவாட்டிலும், சிலருக்கு மேல்நோக்கியும், தொண்டைக்குமிழின் இருபுறமும் சுழியாகவும் வளர்கிறது. மேலிருந்து கீழே இழுப்பதே வளரும் திசை என்று நினைத்துக்கொண்டு, முதல் சுற்றிலேயே எதிர்த்திசையில் இழுத்துவிடுகிறோம். இரண்டு நாள் மழிக்காமல் விட்டு, விரல் நுனியால் நான்கு திசையிலும் தடவிப் பாருங்கள். எந்தப் பக்கம் தடவும்போது வழுவழுப்பாக இருக்கிறதோ அதுவே வளரும் திசை. அதை ஒரு தாளில் அம்புக்குறியாக வரைந்து கண்ணாடியருகே ஒட்டிக்கொள்வது மிகையாகத் தோன்றலாம், ஆனால் எனக்கு எரிச்சல் நின்றது அந்தத் தாளை ஒட்டிய பிறகுதான். தொண்டைக்குமிழின் மேல் நேராக மழிக்காமல், எச்சிலை விழுங்கும் நிலையில் ஒரு கணம் நிறுத்தியோ தோலைப் பக்கவாட்டில் நகர்த்தியோ தட்டையான இடத்தில் வைத்து மழிக்க வேண்டும். முடி சுருண்டு தோலுக்குள் வளரும் இயல்புள்ளவர்கள் கழுத்தில் தோலை இறுக்கி இழுப்பதையும் எதிர்த்திசைச் சுற்றையும் விட்டுவிடுவது நலம். சற்றே முடி மிச்சமிருப்பது கட்டியைவிட மேல்.

## இரண்டு வாரச் சோதனை

இவ்வளவையும் படித்த பிறகும் எது தமக்குப் பொருந்தும் என்று உறுதியாகாதவர்கள், கையிலிருக்கும் ரேசரையே வைத்து இப்படிச் சோதிக்கலாம். ஒரே வகைப் பிளேடு, ஒரே சோப்பு, ஒரே நேரம். இவற்றில் எதையும் இடையில் மாற்றக் கூடாது. குளித்த பிறகோ, வெந்நீரில் நனைத்த துண்டை இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் வைத்த பிறகோ தொடங்க வேண்டும். முதல் வாரம் முழுவதும் படுத்த கோணம் மட்டும், அதுவும் முடி வளரும் திசையிலும் குறுக்காகவும் இரண்டே சுற்று. ஒவ்வொரு நாளும் முடிவில் படிகாரத்தைத் தேய்த்து எங்கே எரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வாரம், படிகாரம் எரியாத இடங்களில் மட்டும் கைப்பிடியை ஒரு விரற்கடை தாழ்த்திப் பாருங்கள். மறுநாளும் எரிச்சலின்றி முன்பைவிட ஒட்ட மழிந்திருந்தால் அந்த இடத்துக்கு அந்தத் தாழ்வு தகும். எரிந்தால் பழைய நிலைக்குத் திரும்புங்கள். இப்படிச் செய்த பெரும்பாலோர், கன்னத்திலும் முகவாயிலும் நடுக்கோணத்தை ஒட்டியும், கழுத்தில் முழுமையாகப் படுத்த கோணத்திலும், மீசையோரத்தில் மட்டும் நிமிர்ந்தும் பிடிக்கத் தொடங்கியதை நான் பார்த்திருக்கிறேன். பதினான்காம் நாளும் கழுத்தில் படிகாரம் எரிந்துகொண்டே இருந்தால், கோணத்தை மேலும் திருத்திக்கொண்டிருக்காமல் ஒரு வாரம் கழுத்தை மழிக்காமல் ஆறவிட்டு, பிறகு கோணம் நிலைத்த ரேசர் ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கி, புதுப் பிளேடு போட்டு முயன்று பாருங்கள். அதை விலைக்கு வாங்குவதா வேண்டாமா என்பதை அந்த ஒரு வாரமே சொல்லிவிடும்.